ஜோடியாக மிதிக்க ரோடு பைக்: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜோடியாக ஓட்டுவதற்கு ரோடு பைக் (கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் கொண்ட சாலை சைக்கிள்) வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "இதே மாடல்ல ரெண்டு குடுங்க, ஒண்ணு லேடீஸ் சைஸ்." கடைக்காரருக்கும் அது வசதி. ஒரே பில், ஒரே கலர், ஃபோட்டோவுக்கும் அழகு. சில மாதம் போனால் ஒன்று மட்டும் எண்ணூர் வரை போய்வரும். மற்றது மாடிப்படிக்கு அடியில் துண்டு காயப்போட உதவும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கருத்தைச் சுற்றித்தான் போகும். இருவரில் யார் முதலில் களைத்துப்போகிறாரோ, யாருக்கு முதலில் கழுத்து பிடிக்கிறதோ, அவருடைய சைக்கிளை முதலில் தேர்ந்தெடுங்கள். காசையும் அதில் கூடுதலாகப் போடுங்கள். எவ்வளவு தூரம் போகலாம், எப்போது திரும்பலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அவருடைய உடம்புதான். வலுவானவரின் சைக்கிளில் ஒரு கிலோ குறைத்தால், இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் கூடும்.

அந்த 'முதலில் களைப்பவர்' மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட கணவர்களும் நிறைய.

படி 1: எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

வடசென்னையில் ரோடு பைக் ஓட்டுபவர்களுக்கு இயல்பாக அமையும் வழிகள் மூன்று. காசிமேட்டிலிருந்து கடலோரமாக எண்ணூர் விரைவுச்சாலை. மூலக்கடை, மாதவரம் தாண்டிப் புழல், செங்குன்றம். நீண்ட நாள் விடுமுறை என்றால் மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. பாரிமுனையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

மூன்றிலும் மேடு என்று சொல்ல மேம்பாலங்களைத் தவிர ஒன்றும் இல்லை. மேட்டின் வேலையைக் காற்று செய்துவிடும். அதோடு துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர், மணலிப் பக்கம் டேங்கர் லாரி, அவை நொறுக்கிவைத்த சாலை ஓரம். உப்புக்காற்று வேறு. ஆகவே நமக்கு வேண்டிய சைக்கிளின் குணம் இப்போதே தெரிந்துவிடுகிறது: நிமிர்ந்த உட்காரும் நிலை, அகலமான டயர், ஆடாமல் நேராகப் போகும் தன்மை, நல்ல பிரேக். எடை கடைசியில்தான்.

இரண்டு பேர் மிதிக்கும் டேண்டம் சைக்கிள் வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேக வித்தியாசத்தை அது ஒரேயடியாகத் தீர்த்துவிடும், உண்மை. ஆனால் தண்டையார்பேட்டைச் சந்தில் அதைத் திருப்புவதும், ஒடுக்கமான படியில் தூக்குவதும் நடக்கிற காரியமில்லை. விட்டுவிடுவோம்.

படி 2: கடைக்குப் போகும் முன் வீட்டில் எடுக்க வேண்டிய அளவுகள்

உயரத்தை வைத்து மட்டும் சைஸ் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். ஒரே உயரமுள்ள இருவருக்குக் கால் நீளம் நான்கைந்து சென்டிமீட்டர் மாறலாம்.

கால் அளவு முதலில். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நில்லுங்கள். தடித்த அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவில் வைத்து, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுந்துமோ அப்படி மேல்நோக்கி அழுத்துங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை மற்றவர் டேப் வைத்து அளக்கட்டும். அந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் தோராயமாகக் கிடைக்கும். 82 செ.மீ. கால் என்றால் 72.4 செ.மீ.; 72 செ.மீ. கால் என்றால் 63.6 செ.மீ. இது தொடங்குவதற்கான எண். ஓட்ட ஓட்ட சில மில்லிமீட்டர் மாறும்.

அடுத்தது உட்காரும் எலும்பு. இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, ஆனால் வலியில் பாதி இங்கேதான் தீரும். ஃப்ரிட்ஜோ மிக்சியோ வந்த நெளிவு அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்துக் கடினமான மாடிப்படியில் போடுங்கள். மெல்லிய துணி உடுத்தி, முழங்கால் சற்று உயர்ந்திருக்கும்படி அதன்மேல் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் ஊன்றி முன்னால் சாய்ந்து அரை நிமிடம் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் இரண்டு குழிகள் இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் குழி மட்டும் வெள்ளையாகாமல் நிற்கும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளந்து, அதோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் உங்கள் சீட்டின் அகலம். நிமிர்ந்து உட்காருபவர் 30 பக்கம் போகலாம், குனிந்து ஓட்டுபவர் 20 பக்கம்.

பெண்களுக்கு இந்த அளவு சராசரியில் சற்று அதிகம். ஆனால் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் அதைவிடப் பெரியது. அதனால்தான் 'லேடீஸ் சீட்டு' என்று கடையில் தருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. தலையணை மாதிரி மெத்தென்ற ஜெல் சீட்டும் அப்படித்தான். கடையில் உட்கார்ந்தால் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் எலும்பு உள்ளே அமிழ்ந்து, நடுப்பகுதி மென்சதையை அழுத்தி மரத்துப்போகும். உறுதியான சீட்டு, சரியான அகலம், நடுவில் பள்ளமோ துளையோ இருந்தால் நல்லது.

தோள்பட்டை அகலம் மூன்றாவது. இரு தோள் எலும்பு முனைகளுக்கும் நடுவே 36 செ.மீ. என்றால் ஹேண்டில்பாரும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருக்க வேண்டும். சின்ன சைஸ் சைக்கிளில்கூட 40, 42 வந்துவிடுவதால் சிறிய உடல்வாகு உள்ளவர்கள் கையை விரித்துக்கொண்டு ஓட்டித் தோள் வலிக்கிறது என்பார்கள்.

படி 3: காசைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள்

இரண்டு சைக்கிளுக்கென்று ஒதுக்கியதை 60-40 என்று பிரிப்பது என் கணக்கு. 60 யாருக்கு என்பது இதற்குள் புரிந்திருக்கும். அவருக்குப் புதியது, அளவு சரியாக அமைந்தது. வலுவானவர் பழைய சைக்கிள் வாங்கினாலும் சமாளித்துக்கொள்வார்.

இந்தப் பிரிவினை வீட்டில் சண்டையைக் கிளப்பலாம். "எனக்கு மட்டும் செகண்ட் ஹேண்டா?" என்று கேட்டால், "நீங்க அதுலயே என்னைவிட வேகமாத்தானே போறீங்க" என்று சொல்லிப் பாருங்கள்.

இரண்டு சைக்கிளுக்கும் போக மீதி வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட், முன்-பின் விளக்கு, பெல், அளவு காட்டும் தரைப் பம்பு, மாற்ற வேண்டி வந்தால் சீட்டு, ஹேண்டிலைப் பிடித்திருக்கும் குட்டைக் குழாயான ஸ்டெம். விலை பேசும்போது இந்தச் சில்லறைச் செலவை மறந்துவிட்டு, பிறகு காற்று அடிக்கக்கூட வழியில்லாமல் நிற்பவர்கள் உண்டு.

படி 4: ஃப்ரேம்

ரோடு பைக்கில் வேகத்துக்கான ரேஸ் வகை, நீண்ட தூரம் சுகமாக ஓட்டுவதற்கான எண்டியூரன்ஸ் வகை என்று இரண்டு பெரிய பிரிவுகள். பின்னது பிறந்த கதை சுவாரசியமானது. வடக்கு பிரான்சில் கருங்கல் பாவிய பழைய கிராமச் சாலைகளில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் ரேஸ் சைக்கிள்கள் ஓட்டுபவரின் எலும்பைக் குலுக்கி எடுத்தன. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 2004இல் 'ரூபே' என்றே பெயர் வைத்து ஒரு மாடல் கொண்டுவந்தது. ட்ரெக் 2012இல் 'டொமானே'யை இறக்கியது; சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயை மேல் குழாயோடு இறுக்கி ஒட்டாமல் சற்று வளைய விட்ட வடிவமைப்பு அது. ஜெயன்ட் 'டிஃபை', கேனன்டேல் 'சினாப்ஸ்' எல்லாம் இதே குடும்பம். இவற்றின் விலை உயர்ந்தது. ஆனால் அதே உட்காரும் நிலையை அலுமினிய ஃப்ரேமில் தரும் மாடல்கள் பல நிறுவனங்களில் உண்டு; டெக்கத்லானின் ட்ரைபன், ஜெயன்ட்டின் கன்டெண்ட் போல. நம் தேவைக்கு அலுமினிய ஃப்ரேமும் கார்பன் ஃபோர்க்கும் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) போதும்.

விளம்பரத்தில் 'கம்ஃபர்ட்' என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள், அளவு அட்டவணையைப் பாருங்கள். அதில் ஸ்டாக், ரீச் என்று இரண்டு எண்கள் இருக்கும். பெடல் அச்சிலிருந்து, ஹேண்டிலுக்குக் கீழே உள்ள முன்குழாயான ஹெட் டியூபின் உச்சி வரை செங்குத்தாக எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக். கிடைமட்டமாக எவ்வளவு தூரம் என்பது ரீச். ஸ்டாக்கை ரீச்சால் வகுங்கள். 540-ஐ 390 ஆல் வகுத்தால் 1.38, குனிந்து பறக்கும் சைக்கிள். 570-ஐ 380 ஆல் வகுத்தால் 1.5; முதுகு நிமிரும், சாலையும் தெரியும். முதலில் களைப்பவரின் சைக்கிளில் இந்த எண் 1.5-க்குக் கீழே போகாமல் பாருங்கள். மிகச் சிறிய சைஸ்களில் ஸ்டாக் இயல்பாகவே குறையும் என்பதால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

சிறிய சைஸ் என்றாலே இன்னொரு சிக்கல். 155, 158 செ.மீ. உயரம் உள்ளவருக்கான ஃப்ரேமிலும் பெரிய 700சி சக்கரத்தையே போடுவதால், பெடல் முன்னால் இருக்கும்போது ஹேண்டிலைத் திருப்பினால் ஷூவின் முனை முன் சக்கரத்தில் இடிக்கும். வேகமாகப் போகும்போது இது தெரியாது. எம்.சி. ரோடு நெரிசலில் மெதுவாக வளையும்போதுதான் ஆளைத் தள்ளும். கடையிலேயே ஏறி உட்கார்ந்து திருப்பிப் பாருங்கள். பெடல் மாட்டும் கையான கிராங்கின் நீளமும் 170 மி.மீ.க்குப் பதில் 165 கிடைத்தால் குட்டையான கால்களுக்கு முழங்கால் நிம்மதி.

ஜோடிகளுக்கென்றே ஒரு விஷயம்: முன்னால் போகிறவர் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கையை எடுத்துக் குழி இருக்கிறது என்று காட்டுவார். ரேஸ் சைக்கிள் இப்படித் திரும்பும் போதெல்லாம் பக்கவாட்டில் விலகும். டிரெய்லர் ஓடும் சாலையில் அது ஆபத்து. சக்கரங்களுக்கு நடுவே தூரம் கூடிய எண்டியூரன்ஸ் சைக்கிள் ஒற்றைக் கையிலும் நேராகப் போகும். கடையில் ஓட்டிப் பார்க்கும்போது இடது கையை எடுத்து, வலது தோள் வழியாகத் திரும்பிப் பாருங்கள். கோடு கோணினால் வேண்டாம்.

மட்கார்டு மாட்டத் துளை இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் முன்னால் போகும் சைக்கிளின் பின்சக்கரம் வாரி இறைக்கும் சேறு நேராகப் பின்னால் வருபவரின் முகத்தில்தான். உங்கள் மட்கார்டு உங்களுக்கல்ல, துணைக்கு.

படி 5: டயர்

ஃப்ரேமைவிட இதில்தான் சுகம் அதிகம், செலவு குறைவு. 32 மி.மீ. டயர் நுழையாத சைக்கிளை வடசென்னையில் வாங்காதீர்கள். 25 மி.மீ. டயரோடு வந்த பழைய சைக்கிள் மலிவாகக் கிடைத்தாலும், ஃபோர்க்கில் 28 நுழையுமா என்றாவது பாருங்கள்.

காற்று இருவருக்கும் ஒன்றல்ல. 32 மி.மீ. டயரில் 60 கிலோ எடை உள்ளவர் 50-55 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), 80 கிலோ உள்ளவர் 60-65 என்று தொடங்கலாம். முன்சக்கரத்தில் நான்கைந்து குறைவாக. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த அளவு வரை அடிக்கவும் வேண்டியதில்லை. கல்லாக அடித்தால் வேகம் என்று நினைப்பவர்கள் எண்ணூர் சாலையின் ஒட்டுப்போட்ட பகுதியில் கை மரத்து நிற்பார்கள்.

பஞ்சருக்கு வருவோம். இந்தப் பக்கம் முள்ளைவிட மோசமான எதிரி, வெடித்த லாரி டயரிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி. முடியைவிடச் சற்றே தடிமன், நீளம் அரை விரல்கூட இருக்காது. டயருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு டியூபை மெல்ல மெல்லக் குத்தும். டியூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த சில கிலோமீட்டரில் மறுபடி நிற்பீர்கள். டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடையுங்கள். துணியின் நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே கம்பி. நகத்தால் வராது; புருவம் திருத்தும் பிளக்கர் ஒன்றைச் சீட்டுப் பையில் போட்டுவையுங்கள். பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் சற்றுக் கனம் என்றாலும் அதையே வாங்குங்கள்.

வால்வையும் கவனியுங்கள். ரோடு பைக் டியூபில் வருவது ஒல்லியான பிரெஸ்டா வால்வு. சாலையோரப் பஞ்சர் கடையின் குழாய் அதில் நுழையாது. பித்தளையில் ஒரு சின்ன அடாப்டர் கிடைக்கும், விலை அற்பம், இருவரும் ஆளுக்கொன்று வைத்திருங்கள். லாரிக்கு அடிக்கும் கம்ப்ரஸர் என்றால், "அண்ணே, கொஞ்சம் கொஞ்சமா அடிங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் டியூப் போய்விடும்.

படி 6: கியரும் பிரேக்கும்

சமதளம்தானே, கியர் எதற்கு என்று தோன்றும். எதிர்காற்றில் புரியும். வெயில் காலத்தில் முற்பகல் தாண்டிக் கடற்காற்று எழும்பினால், எண்ணூரிலிருந்து தெற்கே திரும்பும் வழி மேடு ஏறுவது போலாகிவிடும். வடகிழக்குப் பருவத்தில் கதை தலைகீழ்: போகும்போது எதிர்ப்பு, வரும்போது தள்ளல். பின்னால் ஒட்டி வருபவருக்கு உழைப்பு கால்வாசி வரை மிச்சமாகும் என்பதால் வலுவானவர் முன்னால் போவதுதான் நியாயம்.

முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு பல்சக்கரம், பின்னால் 11 முதல் 32 அல்லது 34 பல் வரையுள்ள பல்சக்கர அடுக்கு (கேசட்) கேளுங்கள். 34-க்கு 34 என்றால் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சக்கரமும் ஒரு சுற்று. மூலக்கடை மேம்பாலத்தில் எதிர்காற்று அடித்தாலும் முழங்கால் தப்பிக்கும். கியர் செய்யும் ஷிமானோ நிறுவனத்தின் வகைகளில், பின்னால் கிளாரிஸ் 8, சோரா 9, டியாக்ரா 10 கியர். கிளாரிஸே தாராளமாகப் போதும். கியரில் மிச்சம் பிடித்த காசைப் பிரேக்கில் போடுங்கள்.

டிஸ்க் பிரேக் நல்லது, கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் என்றால் இன்னும் நல்லது. சிறிய கைகளுக்கு இது வசதி மட்டுமல்ல. லீவர் எட்டாமல் விரல் நுனியால் பிடிப்பவர் பயந்துகொண்டே ஓட்டுவார். அந்தப் பயம்தான் அவரை மெதுவாக்குகிறது என்பதை மற்றவர் உணர மாட்டார். ஷிமானோ லீவர்கள் பலவற்றில் தூரத்தைக் குறைக்க ஒரு சின்ன ஸ்க்ரூ உண்டு. மெக்கானிக்கிடம் கேட்டு அதைத் திருப்பச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

சைக்கிள்கள் வேறாக இருக்கலாம், தேய்கிற பாகங்கள் ஒன்றாக இருக்கட்டும். ஒரே டயர் அளவு, ஒரே வால்வு, ஒரே பிரேக் பேட், ஒரே கியர் எண்ணிக்கை. அப்போது ஒரு டியூப், ஒரு செயின் இணைப்பு, ஒரு எல்-கீ செட் இருவருக்கும் ஆகும். சின்னச் சக்கரம் வைத்த ஃப்ரேம் ஒருவருக்கு அவசியமானால் மட்டும் டியூப் இரண்டு வகையாகத் தூக்க வேண்டிவரும்.

படி 7: கடையில் ஓட்டிப் பார்ப்பது

ரத்தன் பஜார் பக்கம் சாதாரண சைக்கிளுக்கு விலை பேசலாம். ரோடு பைக்குக்கு ஓட்டிப் பார்க்க விடும் கடைதான் வேண்டும். இருவரும் சேர்ந்தே போங்கள், ஞாயிறு மாலை நெரிசலில் போகாதீர்கள். சீட்டு உயரத்தை வீட்டில் எழுதிவந்த எண்ணுக்கு வைக்கச் சொல்லி, காற்றையும் உங்கள் அளவுக்கு மாற்றச் சொல்லி, இருபது நிமிடமாவது ஓட்டுங்கள்.

ஒருவர் ஓட்டும்போது மற்றவர் பின்னால் நின்று செல்போனில் வீடியோ எடுங்கள். இடுப்பு பக்கத்துக்குப் பக்கம் ஆடினால் சீட்டு உயரம் அதிகம். முழங்கை விறைத்து, தோள் காதை நோக்கி ஏறினால் ரீச் அதிகம். ஸ்டெம்மை 90-இலிருந்து 70 மி.மீ. ஆக்கினால் சரியாகும். அதற்கும் மேலே குறைக்க வேண்டிவந்தால் அந்த ஃப்ரேமே பெரிது. "பழகிடும் மேடம்" என்பார் விற்பனையாளர். கையும் கழுத்தும் பழகாது.

என்ன உடுத்தி ஓட்டுவீர்களோ அதையே போட்டுக்கொண்டு போங்கள். சுடிதார் என்றால் கால் பக்கம் ஒட்டியதாக இருக்கட்டும், துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தச் சைக்கிள்களில் செயின் கார்டு கிடையாது. இறுக்கமான சைக்கிள் உடை கூச்சமாக இருந்தால், பேடிங் வைத்த உள்ஷார்ட்ஸை மட்டும் ட்ராக் பேன்ட்டுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

பழைய சைக்கிளுக்கு: ஹெட் டியூபின் அடியில் வெடிப்பு உண்டா, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட் தளர்த்தினால் அசைகிறதா என்று பாருங்கள். கடலோர வீட்டில் நின்ற சைக்கிளில் உப்பு ஏறி சீட் போஸ்ட் ஃப்ரேமோடு ஒட்டிப்போயிருக்கும். அசையாவிட்டால் வாங்காதீர்கள். பில்லில் உள்ள ஃப்ரேம் எண்ணும் பெடல் அச்சின் அடியில் பொறித்த எண்ணும் ஒன்றா என்பதும் முக்கியம்.

படி 8: வீட்டுக்கு வந்தபின்

மொட்டை மாடி, பால்கனி இரண்டும் வேண்டாம். காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் செயின் ஒரு வாரத்தில் செம்மண் நிறமாகும். முன்சக்கரத்தைக் கழற்றி, ஹாலின் சுவரில் கொக்கி அடித்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டால் இரண்டு சைக்கிளும் ஒரு பீரோ இடத்தில் அடங்கும். கடலோரம் போய்வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மிச்ச எண்ணெயை வழித்தெடுங்கள். சீட் போஸ்ட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ்.

முதல் மாதம் விடியற்காலையில் குறுகிய தூரமாக ஓட்டுங்கள். விரைவுச்சாலையில் பக்கம் பக்கமாக வேண்டாம், ஒருவர் பின் ஒருவர்தான். மாதவரம் உள்தெருக்களில் பேசிக்கொண்டே போகலாம். பின்னால் வருபவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறாரா, "ம்" என்று மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். "ம்" என்றால் முன்னால் இருப்பவர் ஒரு கியர் இறக்க வேண்டும்.

புதுச் சைக்கிளில் கியர் கேபிள் இந்த நாட்களில் கொஞ்சம் இளகும். கடையின் முதல் இலவச சர்வீஸை விடாதீர்கள். அங்கே மெக்கானிக், ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் வளையங்களைப் பார்த்து, "ஸ்டெம்மை இறக்கி மேல நீட்டிட்டிருக்குற குழாய அறுத்துடலாமா, லுக்கா இருக்கும்" என்று கேட்கக்கூடும். இருவர் சைக்கிளிலும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். அந்தக் குழாய் ஃபோர்க்கோடு சேர்ந்தது, அறுத்தால் ஒட்ட முடியாது. ஆறு மாதம் கழித்து முதுகு இன்னும் ஒரு சென்டிமீட்டர் உயரம் கேட்டால், புது ஃபோர்க்குக்குத்தான் காசு கொடுக்க வேண்டிவரும்.